எக்ஸ்ரே அக்காவும் ஏழாம் எண் படகும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றார்கள். அவளும் திருத்தப் போகவில்லை. இருபத்து மூன்று வருஷமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை. கனத்த கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு நீள மேஜை, தலைக்கு மேல் தொங்கும் இயந்திரம், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் நிற்க மட்டும் இடம். காலை எட்டு மணிக்கு உள்ளே போய்விட்டால், வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க." இதை ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை சொல்வாள். அழுகிற குழந்தையும் அவள் குரலுக்கு ஒரு நொடி அடங்கும். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும். காசை விழுங்கிய பிள்ளைகள், ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர்கள், இருமி இருமி ஓய்ந்தவர்கள் என்று ஊரில் பாதிப் பேரை உள்ளும் புறமுமாக அவளுக்குத் தெரியும். முகம்தான் ஞாபகம் நிற்காது. ஒருமுறை மார்க்கெட்டில் ஒருவர் வலிய வந்து நலம் விசாரித்தார். அவள் விழித்துக்கொண்டு நின்றாள். "போன வருஷம் தோள்பட்டை..." என்று அவர் ஆரம்பித்ததும்தான், "ஓ, இடது பக்கம், ரெண்டு இடத்துல விரிசல் விட்டிருந்துச்சே, நீங்களா?" என்று மலர்ந்தாள்.

அவள் கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலையில் இருந்தார். கடை முதலாளி புது கேமரா வாங்கியபோது பழையதைத் தூக்கிப் போட மனசில்லாமல் இவரிடம் கொடுத்தார். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். அன்றைக்கு மாலை அவள் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தவள், பழக்கதோஷத்தில், "அசையாதீங்க" என்றாள். காக்கா தலையைச் சாய்த்து அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தன் பாட்டுக்குப் பறந்து போய்விட்டது. அவள் தனியாக நின்று சிரித்தாள். தன் பேச்சைக் கேட்காத ஒரு ஜீவனைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாளாம். அங்கே பிடித்த கிறுக்குதான்.

இந்தக் கிறுக்கு தண்ணீருக்குள் இறங்கியதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவரின் ஒரே அக்கா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவர் விசில் டீச்சர். கழுத்தில் விசில் இல்லாத நாளிலும் அவர் குரல் மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். கல்யாணம் ஆன புதிதில் இவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கறே, வெயில் பக்கமே போறதில்லையா?" என்று கேட்டார். கேட்டவர் மறந்துவிட்டார். கேட்கப்பட்டவள் பத்தொன்பது வருஷம் மறக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி, காபி குடிக்கறீங்களா அண்ணி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வளராது.

அண்ணி ஓய்வு பெற்றபோது, பள்ளிக்கூட விளையாட்டுக் கொட்டகையில் மக்கிக்கொண்டிருந்த ஒரு துடுப்புப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காருகிற ஒடுங்கிய படகு. பச்சை நிறம், பக்கவாட்டில் வெள்ளையில் ஏழு என்று எண். அண்ணி அதைக் கனூ என்பார். அடியில் இருந்த விரிசலைத் தானே அடைத்தார், வண்ணம் பூசினார், எல்லாம் செய்தார். செய்த பிறகுதான், முன்னால் உட்கார ஆள் இல்லை என்பது உறைத்தது. தம்பியைக் கூப்பிட்டார். "எனக்குத் தண்ணி கிளாஸ்ல இருந்தாப் போதும்" என்று தம்பி ஒதுங்கிக்கொண்டார். கேமராவும் கையுமாக நின்ற தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, "நீ வரியா?" என்று அண்ணி கேட்டார். மறுக்க ஒரு காரணம் தேடி அது கிடைப்பதற்குள் அவள் தலை ஆடிவிட்டது.

படகில் ஒரு வசதி உண்டு. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. பின்னால் இருப்பவருக்கு ஒரு கொண்டையும் முதுகும்தான் தெரியும். வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததை எல்லாம் இப்படி உட்கார்ந்து பேச முடிந்தது. முதல் நாளே, நாணல் ஓரத்தில் துடுப்பை நிறுத்திவிட்டு, வெளுத்துப்போன விஷயத்தை அவள் கேட்டேவிட்டாள். 

"நானா சொன்னேன்?"

"நீங்கதான் அண்ணி."

"பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களையும் அப்படித்தான்மா கேப்பேன். வெயில்ல நிறுத்தி வைக்கறதுக்கு ஒரு சாக்கு." துடுப்பு மறுபடி தண்ணீரில் இறங்கிற்று. "பத்தொன்பது வருஷமா இதையா வச்சிட்டிருந்தே? அப்பவே திருப்பி ஒண்ணு குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆற்றில் இருந்தார்கள்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. நாலாயிரம் படம் எடுத்திருப்பாள். அதில் முக்கால்வாசி, ஒரு நொடிக்கு முன்பு பறவை உட்கார்ந்திருந்த இடத்தின் படம். ஆடுகிற கிளை, சுருள்கிற தண்ணீர், ஓரத்தில் ஒரு இறகின் நுனி. அவள் மிகவும் ஆசைப்பட்டது நீர்நாய்க்குத்தான். அந்த ஆற்றின் சதுப்புப் பக்கத்தில் நீர்நாய்கள் உண்டு என்று படகுத்துறைக்காரர் சத்தியம் செய்தார். அவளும் மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் கேமராவில் விழுந்தது வால். கணவர் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் தனியாகப் போட்டு அதற்கு 'வால்கள்' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த மாதம் தெருக்கோடி நூலகத்தில் ஊர்க்காரர்கள் எடுத்த இயற்கைப் படங்களுக்கு ஒரு கண்காட்சி என்று அறிவித்திருந்தார்கள். புதன்கிழமைக்குள் ஒரு படம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒன்றுதான். அதற்குள் கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

விடிவதற்குச் சற்று முன்பே அண்ணி வீட்டு வாசலில் படகு தள்ளுவண்டியில் ஏறியிருந்தது. கணவர் தூக்கக் கலக்கத்தோடு சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ, ஒரு டப்பாவில் முந்தின நாள் வறுத்த மீன். "மீன அக்காவுக்கு முழுசா குடுத்துடாதே, நீயும் சாப்பிடு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் படகை உருட்டிக்கொண்டு போனபோது, கதவைப் பாதி திறந்திருந்த பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்காவது ஏதாவது மாட்டுமா?"

"மாட்டறதுக்கு நாங்க என்ன வலையா கொண்டு போறோம்?" என்றார் அண்ணி. அதற்கே தெருவில் இரண்டு நாய் எழுந்து உட்கார்ந்தன.

ஆறு அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மேல் புகை போலப் பனி. துடுப்பு விழும் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. கரையோரத்துக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. பழைய பாலத்துக்கு அடியில் போகும்போது மட்டும் இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். பாலம் எட்டாத உயரத்தில்தான் இருந்தது, ஆனாலும் குனிந்தார்கள். பாலம் தாண்டியதும் ஆறு அகன்று, பல வாய்க்கால்களாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் ஆள் உயர நாணல் எழும்பிற்று.

முதலில் ஒரு மீன்கொத்தி. தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பட்டுப்போன கிளையில், முதுகு நீலமாகப் பளபளக்க உட்கார்ந்திருந்தது. அவள் கையைப் பின்னால் நீட்டி, மெதுவாக, என்று சைகை காட்டினாள். படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. கேமராவில் பறவை முழுசாக நிறைந்தது. அந்த நேரத்தில் அண்ணி ரகசியம் பேசினார்.

"தெரியுதா?"

அண்ணியின் ரகசியம் என்பது மற்றவர்கள் கூட்டத்தில் பேசுகிற அளவு. மீன்கொத்தி போயே போய்விட்டது.

"அண்ணி."

"மெதுவாத்தானே சொன்னேன்."

அடுத்து ஒரு நாரை. கிழட்டு நாரை, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஜாதி. ஒற்றைக் காலில் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்தது ஒன்றும் இல்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதை இருபது படம் எடுத்தாள். ஒரு பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்திப் போயிற்று. தாழைக்கோழி ஒன்று, கறுப்புப் பஞ்சு உருண்டைகள் போல ஐந்து குஞ்சுகளோடு இலைகள் மேல் நடந்து வாய்க்காலைக் கடந்தது. கடைசிக் குஞ்சு வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. "அந்தக் கடைசிப் பிள்ளைக்குக் கொஞ்சம் பயிற்சி போதாது" என்று அண்ணி கவலைப்பட்டார்.

அண்ணியால் சும்மா இருக்க முடியாது என்பது குடும்பத்துக்கே தெரிந்த சங்கதி. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். பல் டாக்டர் நாற்காலியில் படுத்துக்கொண்டே கால் பயிற்சி செய்தவர். படகில் அவள் படம் எடுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவருக்குத் தண்டனை. துடுப்பைத் துடைப்பார், ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுவார், பெருமூச்சு விடுவார். படகு ஆடும். படம் கலங்கும். அவள் ஒன்றும் சொல்வதில்லை. படகு அவருடையது அல்லவா?

பத்தரை மணி வாக்கில் ஒரு திட்டு வந்தது. நாலு மரமும் கொஞ்சம் புல்லும் இருக்கிற சின்னத் தீவு. கால் மரத்துப்போயிருந்ததால் இறங்கினார்கள். அண்ணி அவசரமாகப் புதர்ப்பக்கம் ஒதுங்கினார். அவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புல் நுனியில் உட்கார்ந்திருந்த ஒரு சிவப்புத் தும்பியின் பின்னால் மண்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பை, தொப்பி, துடுப்பு, தண்ணீர் எல்லாம் படகில்.

"கனூ எங்கே?" என்ற குரல் கேட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

படகு முப்பது அடி தள்ளி, ஆற்றில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளைகளில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஏழாம் எண் இவர்களைப் பார்த்தபடி இருந்தது.

"நீ கட்டலையா?"

"கடைசியா இறங்கினது நீங்கதானே அண்ணி?"

"நான்தான் ஓடினேனே. எதுக்கு ஓடினேன்னு உனக்குத் தெரியாதா?"

"சொல்லிட்டு ஓடியிருக்கலாமே."

"அதை வேற அறிவிப்பு குடுத்துட்டுப் போகணுமா?"

இப்படி ஒரு நிமிஷம் நடந்தது. பிறகு அண்ணி ஷூவைக் கழற்றினார், காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டினார். முப்பது அடி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த ஆற்றை அவர் அகலவாட்டில் நீந்திக் கடந்தவர். தண்ணீரில் இறங்கி நாலு எட்டு வைத்தார். முட்டி வரை தண்ணீர் வந்திருந்தது. அப்போது படகுக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது.

பழுப்பு நிறம், தட்டையான மண்டை, சொட்டச் சொட்ட மீசை. அது இரண்டு கையையும் படகின் விளிம்பில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு எம்பு. தொப்பென்று படகுக்குள் விழுந்தது.

"அண்ணி," என்றாள் அவள். தன் குரல் எக்ஸ்ரே அறைக் குரலாக மாறியிருந்தது அவளுக்கே கேட்டது. "அசையாதீங்க."

அண்ணி அசையவில்லை. ஒரு கை முன்னால் நீண்டபடி, ஒரு கால் அடுத்த எட்டுக்குத் தயாரானபடி அப்படியே நின்றுவிட்டார்.

இன்னொரு தலை. இன்னொன்று. இன்னொன்று. தாயும் மூன்று குட்டிகளும். குட்டிகள் ஏறத் தெரியாமல் வழுக்கி விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று மிதித்து, ஒருவழியாக மூன்றும் படகுக்குள் போய்ச் சேர்ந்தன. படகு ஆடிற்று. உள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே அமர்க்களம். ஒரு குட்டி அண்ணியின் இருக்கையில் ஏறி நின்று சுற்றும் முற்றும் பார்த்தது, படகுக்குச் சொந்தக்காரர் மாதிரி. இன்னொன்று சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டது. தலை உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. பையைத் தலையில் மாட்டிக்கொண்டே பின்னால் நடந்து மூன்றாவதின் மேல் மோதிற்று.

அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். கேமராவைச் சத்தம் இல்லாமல் வைத்திருந்ததற்கு எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னாள்.  முட்டியைத் தரையில் ஊன்றி, முழங்கையை முட்டியில் ஊன்றி, நோயாளிகளுக்குச் சொல்கிற மாதிரித் தனக்கே சொல்லி மூச்சைப் பிடித்தாள்.

மீன் டப்பா வெளியே வந்தது. தாய் அதை முகர்ந்தது. மூடியைக் கடித்தது. டப்பா திறக்கவில்லை. குட்டிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. டப்பா விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. மூன்றும் பின்னாலேயே குதித்தன, அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றின, பிறகு அதையும் தூக்கிக்கொண்டு படகில் ஏறப் பார்த்தன.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அப்போதுதான் அவளுக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

அண்ணி அதே இடத்தில், அதே மாதிரி நின்றார். நீட்டிய கையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருந்தார் போலிருக்கிறது. இரண்டு வருஷமாக அண்ணிதான் இவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணியின் முதுகை இவள் இப்போதுதான் பார்க்கிறாள். அகன்ற முதுகு, வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

முதலில் அழுகிறார் என்று பயந்துவிட்டாள். பிறகு, "அண்ணி?" என்று காற்றாகக் கேட்டாள்.

அண்ணி தலையைத் திருப்பவில்லை. உதடு அசையாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான ரகசியக் குரலில் சொன்னார்:

"மீன் குஞ்சு. கால் விரல கடிக்குது. கூச்சம் தாங்கல."

"வந்துடறீங்களா? பரவாயில்ல, வாங்க."

"உனக்கு முடிஞ்சுதா?"

"போதும் அண்ணி. நிறைய எடுத்துட்டேன்."

"பொய் சொல்லாதே. இன்னும் எடு. நான் நிக்கறேன்."

அவள் கேமராவைத் திரும்பத் தூக்கியபோது கண்ணில் நீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். இப்போது படத்தில் அண்ணி வந்தார். முட்டி அளவு தண்ணீரில், சுருட்டிய காற்சட்டையோடு, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கும் ஒரு பெரிய முதுகு. அவருக்கு அப்பால், வெயில் விழுந்த தண்ணீரில் பச்சைப் படகு. படகில் வரிசையாக நாலு தலை. நாலும் அண்ணியையே பார்த்தன. தாய் இரண்டு காலில் எழுந்து, முன்னங்கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டு நின்றது. இந்த மனுஷி எதற்காக இப்படி நிற்கிறாள் என்று அதற்கும் யோசனை வந்துவிட்டது போலிருந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

கடைசியில் நீர்நாய்களுக்கே அலுத்துப்போயிற்று. தாய் ஒரு சத்தம் கொடுத்தது. நாலும் ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீரில் வழுக்கி இறங்கின. நாணலுக்குள் ஒரு கோடு போல அலை போயிற்று. அடங்கிற்று. அண்ணி அதற்குப் பிறகும் பத்து எண்ணிக்கை நின்றார். அப்புறம் வாயைத் திறந்து சிரித்தார் பாருங்கள், மரத்தில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டன. சிரித்துக்கொண்டே தண்ணீரில் விழுந்தார். விழுந்தவர் அப்படியே நீந்திப் போய்ப் படகைப் பிடித்தார்.

"இங்க வந்து பாரு என் சீட்ட" என்று அங்கிருந்து கத்தினார். "அந்தச் சின்னது பண்ணிட்டுப் போயிருக்கற வேலைய பாரு. நான் ஒதுங்கறதுக்கு அவ்வளவு தூரம் ஓடினேன், இதுக்கு என் சீட்டு கேக்குதா?"

திட்டுக்கு இழுத்து வந்து பார்த்தால், படகு முழுக்கச் சேறு. வாசலில் போட்ட கோலம் மாதிரி குட்டிக் கால் தடங்கள். பை ஒரு மூலையில் கிழிந்து கிடந்தது. ரொட்டி ஊறிப்போயிருந்தது. மீன் டப்பாவைக் காணவே இல்லை. முட்டையும் பிளாஸ்க் டீயும் தப்பின. இருவரும் திட்டில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு முட்டை சாப்பிட்டார்கள். அண்ணி காலை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

அவள் முதல் படத்தின் நேரத்தையும் கடைசிப் படத்தின் நேரத்தையும் பார்த்தாள். "முப்பத்தெட்டு நிமிஷம்."

அண்ணி காலை மடக்கிக்கொண்டார். "இத உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. நம்ப மாட்டான்" என்றார். குரலில் கோப்பை வாங்கிய பிள்ளையின் பெருமை இருந்தது.

திரும்பும்போது காற்று எதிரே அடித்தது. அவளும் துடுப்பை எடுத்து வலித்தாள். வழக்கமாக அவள் வலிக்கும்போது அண்ணி பின்னாலிருந்து தாளம் சொல்லித் திருத்துவார். அன்றைக்குத் திருத்தவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும், "உனக்குத் தோள் நல்லா வலுத்திருக்கு" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே சிரித்தாள்.

வீட்டில் கணவர் நூற்றுத் தொண்ணூறு படத்தையும் ஒன்று விடாமல் பார்த்தார். குட்டி பையை மாட்டிக்கொண்டு நடக்கும் படத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தாயின் முகம் மட்டும், மீசையில் ஒவ்வொரு சொட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தது. "இதுதான். கண்ண மூடிட்டு இதைக் குடு" என்றார். துல்லியமான படம் எது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தொழிலே அது.

அவள் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் யோசித்தாள். புதன்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்குப் போய், முதுகு தெரிகிற படத்தைக் கொடுத்தாள். நூலகர் படத்துக்குத் தலைப்பு கேட்டார். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "நீர்நாய்களும் என் அண்ணியும்னு போட்டுக்கோங்க" என்றாள்.

கண்காட்சி திறந்த அன்று அண்ணி வந்தார். சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அதன் எதிரில் நின்றுவிட்டார். அவள் பக்கத்தில் நின்றாள். கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று அப்போதுதான் தோன்றிற்று.

"என் பின்பக்கத்த ஊரே பாக்கணுமா?" என்றார் அண்ணி.

"வேணாம்னா எடுத்துடறேன் அண்ணி."

"எடுத்துத்தான் பாரேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கண்காட்சி நடந்த எட்டு நாளும் அண்ணி ஏதாவது புத்தகம் எடுக்கிற சாக்கில் நூலகத்தில் இருந்தார். பள்ளிக்கூட மைதானத்தைத் தவிர வேறு எங்கும் அவரைப் பார்த்திராத பழைய மாணவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். யாராவது அந்தப் படத்தின் முன்னால் நின்று சிரித்தால், மெதுவாகப் பக்கத்தில் போய், "அது நான்தான். முப்பத்தெட்டு நிமிஷம்" என்பார். நூலகர் இரண்டு தடவை, சத்தம் கொஞ்சம் குறைக்கணும் என்று எழுதி நீட்டினார்.

பரிசு கிடைக்கவில்லை. இலை நுனியில் நிற்கும் ஒரு பனித்துளிக்குக் கொடுத்தார்கள். நல்ல படம்தான் என்று அவள் மனசாரச் சொன்னாள். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. நடுவர்கள் யார், எத்தனை பேர், எதை வைத்து மதிப்பெண் போட்டார்கள் என்று நூலகரை வாசல் வரை துரத்திக் கேட்டார். "பனித்துளி எங்க ஓடிடப் போகுது? அது நிக்கறது ஒரு சாதனையா?" என்றது தெரு முழுக்கக் கேட்டது.

அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று இப்போது அண்ணி வீட்டு முன்னறையில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறது. எக்ஸ்ரே அறை வாசலிலும் ஒரு சின்னப் பிரதி இருக்கிறது. காத்திருக்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முன்போல வரிசையில் சண்டை வருவதில்லை என்று வார்டு பையன்கள் சொல்கிறார்கள். பெரிய டாக்டர் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, படகில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டார். அண்ணியைத்தான் கேட்கணும் சார் என்றாள். அண்ணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் போனார்கள். நீர்நாய் இல்லை, மீன்கொத்திகூட இல்லை. மேகம் மூடிய நாள். நாணல் தண்டில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அது உச்சிக்குப் போய்ச் சேர்கிற வரை இருவரும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவள் அறுபது படம் எடுத்தாள். பாதி வழியில் நத்தை நின்றுவிட்டபோது, பின்னாலிருந்து, "விடாதே, போ, போ" என்று அண்ணி தாழ்ந்த குரலில் அதை உற்சாகப்படுத்துவது கேட்டது.